யாரைக் கேட்பது? புறநகர் மையங்களின் மறுசீரமைப்பும் மக்கள் கருத்தும்

ஒரு புறநகரின் மையப்பகுதியை மாற்றிக் கட்டும்போது மக்களைக் கேட்க வேண்டுமா என்ற கேள்விக்கு இன்று யாரும் வெளிப்படையாக ‘வேண்டாம்’ என்று சொல்வதில்லை. கேட்கத்தான் வேண்டும் என்று சட்டங்கள் சொல்கின்றன. கேட்டதற்கான பதிவேடுகளும் அலுவலகங்களில் இருக்கின்றன. இருந்தும், வேலை தொடங்கித் தகரத் தடுப்பு வைத்தவுடன் ‘எங்களை யார் கேட்டார்கள்?’ என்ற குரல் எழாத ஊர் அரிது. கேட்டோம் என்ற அரசின் கூற்றும், கேட்கவில்லை என்ற மக்களின் கூற்றும் பல நேரங்களில் இரண்டுமே உண்மையாக இருப்பதுதான் இந்தச் சிக்கலின் விசித்திரம்.

புறநகர் மையம் என்று இங்கே குறிப்பிடப்படுவது பெருநகரத்தின் விளிம்பில் உள்ள ஊர்களின் நடுப்பகுதி. ரயில் நிலையம், பேருந்து நிலையம், சந்தை, பழைய நகராட்சிக் கட்டடம், அவற்றை ஒட்டிய கடைத்தெரு ஆகியவை சேர்ந்த இடம் அது. சென்னையை ஒட்டிய தாம்பரமும் ஆவடியும் அப்படிப்பட்டவை. டொராண்டோவின் கிழக்கே ஸ்கார்பரோவில் அங்காடி வளாகமும், ரேமண்ட் மோரியாமா வடிவமைத்த குடிமை மையமும் 1973இல் திறக்கப்பட்டு அந்த இடத்தைப் பிடித்தன. சிங்கப்பூரில் தெம்பனிஸ், வடக்கு லண்டனில் டாட்டன்ஹாம் என்று வரிசையை நீட்டலாம். பழைய கட்டடங்கள் பழுதாவதும், புதிய ரயில் பாதை வருவதும், நிலத்தின் விலை ஏறுவதும், அனுமதிக்கப்படும் தளப்பரப்பு உயர்வதும் இத்தகைய இடங்களை மாற்றிக் கட்டும் விருப்பத்தை ஏதோ ஒரு கட்டத்தில் எழுப்பிவிடுகின்றன.

அப்போது முடிவெடுப்பது யார், எந்த வழியில் என்ற கேள்விக்குக் கடந்த நூறு ஆண்டுகளில் பல விடைகள் தரப்பட்டிருக்கின்றன. அவற்றின் தோற்றத்தையும் வலுவையும் குறைகளையும் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஒவ்வொரு விடையும் தனக்கே உரிய ஓர் இடத்தில் தடுமாறுகிறது. ஆனால் ‘மக்கள்’ என்ற கணக்கில் யாரைச் சேர்ப்பது என்ற இடத்தில் பெரும்பாலானவை ஒரே விதமாகத் தடுமாறுகின்றன என்பது இங்கே முன்வைக்கப்படும் கருத்து.

வல்லுநர் கையில் ஊர்

நகரமைப்பு ஒரு தனித்துறையாக உருவான இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் அடிப்படை நம்பிக்கை எளிமையானது: ஊரின் முழு நலனை அறிந்து திட்டமிடக்கூடியவர் பயிற்சி பெற்ற வல்லுநரே. பிரிட்டனில் 1909இல் வந்த சட்டமும், அதன் பின்னர் 1920இல் இயற்றப்பட்ட சென்னை நகரமைப்புச் சட்டமும் இந்த நம்பிக்கையின் மேல்தான் நின்றன. சென்னைச் சட்டத்தின் முக்கியமான விளைச்சல்களில் ஒன்று தியாகராய நகர். அன்றைய நகரத்தின் மேற்கு விளிம்பில் இருந்த நீண்ட ஏரியின் படுகையில், பனகல் பூங்காவை நடுவில் வைத்து, தெருக்கள் அதை நோக்கி வரும்படி வரைந்து, 1920களில் எழுந்த புறநகர் அது.

இந்த நிலைப்பாட்டை ஆணவம் என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாது. வடிகால், ரயில் பாதை, வெள்ளநீர்ப் போக்கு போன்றவை ஒரு தெருவின் எல்லையில் முடிவதில்லை. தெருத்தெருவாகக் கருத்துக் கேட்டுத் தொகுத்தால் ஒரு வடிகால் திட்டம் கிடைக்காது. கீழ்ப்பகுதிக்குத் தண்ணீர் எப்படிப் போகும் என்று மேட்டுப்பகுதியில் இருப்பவர் கவலைப்பட வேண்டிய கட்டாயமும் இல்லை. எல்லோருக்குமான நலனைப் பேச ஒருவர் வேண்டும் என்ற வாதத்துக்கு இன்றும் வலு உண்டு.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. வல்லுநர் எதைக் கணக்கில் எடுக்கிறார், எதை விடுகிறார் என்பது அவருடைய காலத்தின் மதிப்பீடுகளைப் பொறுத்தது. ஏரியை நிரப்பிப் பேட்டை அமைத்தது அன்றைய பார்வையில் முன்னேற்றம். நீர்நிலைகளின் மேல் வளர்ந்த நகரம் 2015 டிசம்பர் வெள்ளத்தில் என்ன பாடுபட்டது என்பதைக் கண்ட தலைமுறை அதை அப்படிப் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் ஜேன் ஜேகப்ஸ் 1961இல் வெளியிட்ட நூல், நகரமைப்பாளர்கள் ‘சீர்கெட்டவை’ என்று முத்திரை குத்தி இடித்த பேட்டைகளில் உயிர்ப்பான ஓர் ஒழுங்கு இருந்ததை எடுத்துக்காட்டியது. வல்லுநருக்கு ஒழுங்கின்மையாகத் தெரிவது அங்கே புழங்குபவருக்கு ஒழுங்காக இருக்கலாம் என்ற அவருடைய வாதம் கடைத்தெருக்களுக்குக் கூடுதலாகவே பொருந்தும்.

கெடிஸ் காட்டிய வேறு வழி

வல்லுநரை மறுக்காமலேயே வேறொரு விடையை முன்வைத்தவர் ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெடிஸ். சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் 1914இல் அவர் இங்கு வந்தார். அவருடைய நகரக் கண்காட்சிப் பொருட்களை ஏற்றிவந்த கப்பலை ஜெர்மன் போர்க்கப்பலான எம்டன் மூழ்கடித்தது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் அதே எம்டன் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியிருந்தது. நண்பர்கள் திரட்டிக்கொடுத்த புதிய பொருட்களோடு 1915இல் சென்னையில் கண்காட்சி நடந்தது. தஞ்சாவூர், மதுரை உள்ளிட்ட ஊர்களைப் பற்றி அவர் அறிக்கைகள் எழுதினார்.

கெடிசின் முறை இரண்டு பகுதிகளைக் கொண்டது. முதலாவது, வரைபடம் போடுவதற்கு முன் ஊரை நடந்து பார்த்து, தொழில், வழிபாடு, நீர்நிலை, வீட்டமைப்பு எல்லாவற்றையும் அறிவது. இரண்டாவது, அகலச் சாலை போடுவதற்காகத் தெருக்களை நெடுக இடிக்காமல், தேவையான இடத்தில் மட்டும் சிறிதாக வெட்டிச் சீராக்குவது. பின்னர் இந்தூரில் அவர் தீபாவளி ஊர்வலத்தையே கருவியாக்கினார். நன்றாகத் துப்புரவு செய்யப்பட்ட தெருக்கள் வழியாகத்தான் ஊர்வலம் போகும் என்று அறிவித்து, மக்களைத் திட்டத்தின் உள்ளே இழுத்தார்.

இன்றைய கண்ணோட்டத்தில் கெடிசின் வழிக்கும் எல்லை உண்டு. மக்களைக் கூர்ந்து கவனித்தவர் அவர். ஆனால் அவர்களிடம் முடிவெடுக்கும் உரிமையை ஒப்படைத்தவர் அல்லர். கவனிப்பவரின் நல்லெண்ணத்தையும் திறமையையும் முழுக்க நம்பியிருக்கும் முறை, அடுத்த அலுவலர் வந்ததும் தொடரும் என்பதற்கு உறுதி இல்லை. அரசின் அறிக்கைகளில் அவருடைய பெயர் அடிக்கடி வருகிறது. அவர் கேட்ட பொறுமையான கள ஆய்வு அதே அளவுக்கு நடப்பதாகச் சொல்ல முடியாது.

ஆட்சேபணைக்கு இரண்டு மாதம்

மக்கள் கருத்தை நல்லெண்ணத்துக்கு விடாமல் சட்டத்தில் எழுதும் முயற்சி 1960களில் வலுத்தது. பிரிட்டனில் 1968ஆம் ஆண்டுச் சட்டம் திட்டங்களுக்கு விளம்பரம் தந்து கருத்துப் பெறுவதைக் கட்டாயமாக்கியது. அதை எப்படிச் செய்வது என்று ஆராய்ந்த ஆர்தர் ஸ்கெஃபிங்டன் குழு 1969இல் அறிக்கை தந்தது. ஊர் மன்றங்கள் அமைக்கவும், கூட்டங்களுக்கு வராதவர்களைத் தேடிச் சென்று பேசத் தனி அலுவலர்களை நியமிக்கவும் அது பரிந்துரைத்தது. இரண்டாவது பரிந்துரை பரவலாகப் பின்பற்றப்படவில்லை.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971 இதே காலத்தின் மனநிலையைக் கொண்டது. வரைவுத் திட்டம் அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிக்கப்பட வேண்டும்; முழுமைத் திட்டமாக இருந்தால் எழுத்து மூலமான ஆட்சேபணைகளுக்கும் யோசனைகளுக்கும் இரண்டு மாதங்களுக்குக் குறையாமல் அவகாசம் தர வேண்டும். சென்னைப் பெருநகருக்கு 1975இலும் 2008இலும் நடைமுறைக்கு வந்த இரண்டு முழுமைத் திட்டங்களும் இந்த வழியில் வந்தவையே.

இந்த ஏற்பாட்டின் பலம் அதன் தெளிவு. அறிவிப்பு வந்ததா, அவகாசம் தரப்பட்டதா என்பதை நீதிமன்றத்தில் நிரூபிக்கலாம். கால அவகாசம் மீறப்பட்டால் திட்டத்தையே எதிர்க்கலாம். குறைகளும் அதே தெளிவிலிருந்து வருகின்றன. வரைவு முழுமையாகத் தயாரான பிறகுதான் மக்கள் உள்ளே வருகிறார்கள். அப்போது பெரிய முடிவுகள் முடிந்துபோயிருக்கும். சர்வே எண்களும் நிறம் தீட்டிய நிலப் பயன்பாட்டு வரைபடமும் தம் நிலத்தின் மேல் விழுந்த நிறத்தைத் தேடும் உரிமையாளருக்குப் புரியும். அந்தத் தெருவில் தரைக்கடை போட்டிருப்பவருக்கு அந்த வரைபடத்தில் தேடிப் பார்க்க எதுவும் இல்லை. ‘ஆட்சேபணை’ என்ற வடிவமே ‘என் சொத்தைத் தொடாதே’ என்று சொல்வதற்கு எளிதாகவும், ‘இந்த ஊருக்கு இது தேவை’ என்று சொல்வதற்குக் கடினமாகவும் அமைந்திருக்கிறது.

வெளிநாட்டுச் சட்டங்களிலும் இந்தச் சாய்வு தெரிகிறது. ஒண்டாரியோ மாநில விதிகளின்படி, நிலப் பயன்பாட்டு மாற்றம் குறித்து அறிவிக்கும் வழிகளில் ஒன்று, அந்த நிலத்திலிருந்து 120 மீட்டருக்குள் சொத்து வைத்திருப்பவர்களுக்குத் தபால் அனுப்பி, இடத்தில் அறிவிப்புப் பலகை வைப்பது. ஸ்கார்பரோ மையம் போன்ற இடத்தில் தினமும் பேருந்து மாறிச் செல்பவர் அந்தத் தபாலைப் பெறுவதில்லை. பலகையைப் பார்த்தால் உண்டு.

அதிகாரம் கைமாறினால்தான் பங்கேற்பு

கேட்பதும் விளம்பரப்படுத்துவதும் பங்கேற்பே அல்ல என்ற கடுமையான நிலைப்பாடு அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே நகர்ப்புற மறுசீரமைப்பு என்ற பெயரில் ஏழைகளும் கறுப்பினத்தவரும் வாழ்ந்த பகுதிகள் பெருமளவில் இடிக்கப்பட்டிருந்தன. நலிந்தவர்களுக்காக வழக்கறிஞரைப் போல வாதாடும் நகரமைப்பாளர்கள் வேண்டும் என்று பால் டேவிடாஃப் 1965இல் எழுதினார். அரசின் நகரத் திட்டங்களில் பணியாற்றிய ஷெரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக விவரித்தார். அடியில் உள்ள இரண்டு படிகள் பங்கேற்பே அல்லாத ஏமாற்று. நடுவில் உள்ள தகவல் தருதல், கருத்துக் கேட்டல், சமாதானப்படுத்துதல் ஆகிய மூன்றும் பெயரளவிலானவை. கூட்டாண்மை, அதிகாரப் பகிர்வு, மக்கள் கட்டுப்பாடு என்ற மேல் மூன்று படிகளில்தான் முடிவின் மீது மக்களுக்குப் பிடி கிடைக்கிறது.

இந்த ஏணி இன்றும் பயன்படுவதற்குக் காரணம், கூட்டம் நடந்ததா என்று கேட்பதை விட்டு அதனால் முடிவு மாறியிருக்க முடியுமா என்று கேட்கக் கற்றுக்கொடுத்ததுதான். ஆனால் மக்கள் ஒரு பக்கம், அதிகாரம் இன்னொரு பக்கம் என்ற பிரிவினை எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஆர்ன்ஸ்டைனே இது எளிமைப்படுத்தப்பட்ட சித்திரம் என்பதை ஒப்புக்கொண்டார். ஒரு கடைத்தெருவில் கட்டட உரிமையாளர், வாடகைக் கடைக்காரர், தரைக்கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், பின்தெருவில் வீடு வைத்திருப்பவர் ஆகியோரின் நலன்கள் ஒன்றல்ல. அதிகாரத்தை மக்களிடம் கொடு என்றால், இவர்களில் யாரிடம் என்ற கேள்வி எஞ்சுகிறது.

கூடிப் பேசித் தீர்ப்பது

நலன்கள் வேறுபடும்போது அவற்றை ஒரே மேசைக்குக் கொண்டுவந்து பேச வைப்பதே திட்டமிடல் என்ற பார்வை 1980களிலும் 1990களிலும் வளர்ந்தது. ஜான் ஃபாரெஸ்டர், ஜூடித் இன்னஸ், பேட்ஸி ஹீலி ஆகியோர் இதன் முக்கியமான எழுத்தாளர்கள். ஜெர்மானியத் தத்துவ அறிஞர் ஹேபர்மாசின் சிந்தனை இவர்களுக்குப் பின்புலம். இன்று பல நாடுகளில் நடக்கும் பட்டறைகள், மாதிரி அமைப்புகளை வைத்துப் பேசும் கூட்டங்கள், வரைபடத்தில் ஒட்டுத்தாள் ஒட்டும் அமர்வுகள் இந்த மரபின் வழிவந்தவை.

தெம்பனிசில் 2017இல் முழுமையாகத் திறக்கப்பட்ட ‘நம் தெம்பனிஸ் நடுவம்’ இதன் நல்ல பக்கத்தைக் காட்டுகிறது. பழைய விளையாட்டரங்கம் இருந்த இடத்தில் நூலகம், நீச்சல் குளம், உணவங்காடி, அரசுச் சேவைகள் எல்லாம் ஒரே கூரையின்கீழ் வந்தன. அதற்கு முன் 15,000க்கும் மேற்பட்ட குடியிருப்பாளர்களின் கருத்துகள் பெறப்பட்டன. எனினும் அங்கே ஒரு மையம் எழுப்பப்படும் என்பது ஏற்கெனவே தீர்மானமாகியிருந்தது. நிலமும் பெரும்பாலும் அரசின் கையில் இருந்தது. என்னென்ன வசதிகள் வேண்டும் என்ற கேள்விக்கு மக்கள் பதில் சொன்னார்கள். இழப்பவர் குறைவாகவும் பெறுபவர் அதிகமாகவும் இருக்கும் சூழலில் உரையாடல் நன்றாக நடக்கும் என்பதற்கு இது சான்று. கடுமையான நலமோதல் உள்ள இடங்களுக்கு இதை அப்படியே நீட்டுவது கடினம்.

இந்தப் பார்வை மீதான முக்கிய விமர்சனங்கள் இரண்டு. டென்மார்க்கின் ஆல்போர் நகர மையத் திட்டத்தை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த பென்ட் ஃப்ளூப்யர், மேசையில் வைக்கப்படும் தர்க்கத்தைவிட மேசைக்கு வெளியே இருக்கும் செல்வாக்குதான் முடிவைத் தீர்மானித்தது என்று 1990களில் காட்டினார். அந்த ஊரின் வணிகர் அமைப்பு அந்தக் கதையில் முக்கிய இடம் வகிக்கிறது. பில் குக், உமா கோத்தாரி ஆகியோர் 2001இல் தொகுத்த நூல், வளர்ச்சித் திட்டங்களில் பங்கேற்பு ஒரு சடங்காகி, ஏற்கெனவே எடுத்த முடிவுக்கு மக்களின் கையொப்பத்தைப் பெறும் கருவியாகிறது என்று வாதிட்டது.

கூட்டத்துக்கு வருபவர்கள்

அண்மைக் காலத்தில் எழுந்த ஐயம் வேறு திசையிலிருந்து வருகிறது. கருத்துக் கேட்பு வலுவாக நடக்கும் இடங்களில் அதைப் பயன்படுத்திக்கொள்பவர்கள் யார் என்று அது கேட்கிறது. அமெரிக்கப் புறநகர்களில் வீட்டு உரிமையாளர்கள் தம் சொத்தின் மதிப்பைக் காக்கவே உள்ளாட்சி அரசியலில் இறங்குகிறார்கள் என்று வில்லியம் ஃபிஷல் 2001இல் எழுதினார். காத்தரின் ஐன்ஸ்டைன், டேவிட் கிளிக், மேக்ஸ்வெல் பால்மர் ஆகியோர் மாசச்சூசெட்ஸ் மாநில ஊர்களின் திட்டக்குழுக் கூட்டப் பதிவுகளை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு 2019இல் நூலாக்கினார்கள். பேசியவர்களில் முதியவர்களும் ஆண்களும் நீண்டகாலம் குடியிருப்போரும் வீட்டு உரிமையாளர்களும் மக்கள்தொகையில் தம் பங்கைவிட அதிகமாக இருந்தார்கள். புதிய வீடுகளை ஆதரித்துப் பேசியவர்கள் ஆறில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் கூட்டங்கள் இணையவழிக்கு மாறியபோதும் இந்தச் சாய்வு பெரிதாகக் குறையவில்லை என்று அவர்களின் பின்னைய ஆய்வு சொல்கிறது.

இதிலிருந்து ‘கருத்துக் கேட்பே வளர்ச்சிக்குத் தடை’ என்ற முடிவுக்குச் சிலர் போகிறார்கள். அது அவசர முடிவாகத் தோன்றுகிறது. இந்த ஆய்வுகள் வாடகைதாரர்களும் இளையவர்களும் வருங்காலக் குடியிருப்பாளர்களும் கேட்கப்படவில்லை என்றுதான் காட்டுகின்றன. கேட்பதை நிறுத்தினால் அவர்கள் குரல் கேட்டுவிடும் என்று காட்டவில்லை. அமெரிக்கப் புறநகரின் சொத்து அரசியலைத் தமிழ்நாட்டுக்கு நேராகப் பொருத்துவதிலும் கவனம் வேண்டும். இங்கே கருத்துக்கேட்புக் கூட்டங்களில் குடியிருப்போர் நலச்சங்கங்களின் குரல் ஓங்கியிருப்பது உண்மைதான்; ஆனால் வெள்ளம், குடிநீர், பாதாளச் சாக்கடை போன்ற பொதுத் தேவைகளுக்காகப் புறநகர்களில் தொடர்ந்து போராடி வந்தவையும் அதே சங்கங்கள்தாம்.

எண்ணி முடிவு செய்வது

பேசுபவர்களின் சாய்வைத் தவிர்க்க வாக்கெடுப்பே நேர்மையான வழி என்பது இன்னொரு விடை. சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளின் உட்புற மேம்பாட்டுத் திட்டம், தகுதியுள்ள குடிமக்கள் குடும்பங்களில் 75% ஒப்புதல் இருந்தால்தான் நடக்கும். இங்கிலாந்தில் 2011ஆம் ஆண்டின் உள்ளூர்வாதச் சட்டம், ஒரு பகுதி மக்களே தயாரிக்கும் திட்டத்தைப் பொதுவாக்கெடுப்புக்கு விடுகிறது. சமூக வீடுகளை இடித்துக் கட்டும் பெரிய திட்டங்களுக்கு லண்டன் மேயரின் நிதி வேண்டுமானால் குடியிருப்பாளர் வாக்கெடுப்பு தேவை என்ற நிபந்தனை 2018இல் வந்தது. இந்தியாவில் 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம் தனியார் திட்டங்களுக்கு 80%, அரசு-தனியார் கூட்டுத் திட்டங்களுக்கு 70% ஒப்புதல் கேட்கிறது. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022, மறுகட்டுமானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதத்தைப் போதுமானதாக்கியது.

வாக்கெடுப்பின் முன் வரும் முடிவு வாக்காளர் பட்டியல். சிங்கப்பூர்த் திட்டத்தில் வாடகைக்கு இருப்பவர் எண்ணப்படுவதில்லை. நிலம் கையகப்படுத்தும் சட்டம், பாதிக்கப்படும் குடும்பங்கள் என்ற வரையறையில் அந்த நிலத்தை நம்பிப் பிழைப்பவர்களையும் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் ஒப்புதலை எண்ணும்போது உரிமையாளர்களையும் அரசு நிலம் ஒதுக்கப்பட்டவர்களையும் மட்டுமே எண்ணுகிறது. இழப்பீட்டுக்கு ஒரு பட்டியல், சம்மதத்துக்கு வேறு பட்டியல். ஒரே கட்டடத்தில் குடியிருப்போரின் கூரையைப் பற்றிய முடிவுக்கு வாக்கெடுப்பு பொருந்தலாம். பல ஊர்க்காரர்கள் வந்துபோகும் மையத்துக்கு வாக்காளர் பட்டியல் எங்கே முடியும் என்பதற்கு இந்தச் சட்டங்கள் எதிலும் விடை இல்லை.

வந்துபோகிறவர்களின் உரிமை

இந்த இடத்தில்தான் குடியிருப்புப் பகுதிக்கும் ஊர் மையத்துக்கும் உள்ள வேறுபாடு முழுதாகத் தெரிகிறது. மையத்தில் வாழ்பவர் சிலர். அதை நம்பி வாழ்பவர் பலர். சென்னையின் தெற்கு விளிம்பில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டுத் தென் மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து அங்கு மாற்றப்பட்டபோது, அதை ஒட்டிய ரயில் நிலையம் தயாராகவில்லை. அந்த இடைவெளியின் சுமையைத் தாங்கியவர்கள் பெட்டியும் குழந்தையுமாக நள்ளிரவில் வந்திறங்கிய பயணிகள். அவர்களில் கணிசமானோர் திருநெல்வேலி, மதுரை, விழுப்புரம் பக்கத்துக்காரர்கள். எந்த வார்டின் கூட்டமும் அவர்களைக் கேட்டிருக்க முடியாது.

பயன்படுத்துவோருக்குச் சட்டத்தில் இடம் தரும் முயற்சிகள் குறைவு. இந்தியாவின் சாலையோர வியாபாரிகள் சட்டம் 2014 அவற்றில் குறிப்பிடத்தக்கது. அதன்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40% பேர் வியாபாரிகளாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அங்கே குடியிருக்கிறாரா, சொத்து இருக்கிறதா என்று பார்க்காமல், அங்கே தொழில் செய்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவருக்கு முடிவில் இடம் தரும் ஏற்பாடு இது. ஆனால் அந்தக் குழுவின் எல்லை விற்பனை இடங்களோடு முடிகிறது. பேருந்து நிலையம் எங்கே, மேம்பாலம் எங்கே என்பது வேறு மேசையில் முடிவாகிறது.

டாட்டன்ஹாமில் செவன் சிஸ்டர்ஸ் நிலையத்தின் மேல் உள்ள சந்தை இன்னொரு வழியைக் காட்டுகிறது. லத்தீன் அமெரிக்க வியாபாரிகள் பலர் கடை வைத்திருந்த அந்த இடத்தை இடித்துக் கட்ட ஹேரிங்கே உள்ளாட்சி மன்றம் அனுமதி தந்தது. இனச் சமத்துவத்தின் மீதான விளைவைச் சட்டப்படி கருத்தில் கொள்ளவில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010இல் அந்த அனுமதியை ரத்து செய்தது. புதிய அனுமதி பெற்றும், நீண்ட எதிர்ப்புக்குப் பிறகு கட்டுமான நிறுவனம் 2021இல் விலகியது. வியாபாரிகள் வென்றார்கள் என்று சொல்லலாம். ஆனால் அந்த வெற்றிக்கு ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் ஆனதையும், அவ்வளவு காலம் கட்டடம் பராமரிப்பின்றி நின்றதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

மூன்றாவது வழி, செய்து பார்த்துக் கேட்பது. தியாகராய நகரின் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்படுவதற்கு முன், தற்காலிகத் தடுப்புகள் வைத்துச் சோதனை நடத்தப்பட்டது. வரைபடத்தைப் படிக்க முடியாதவரும் தெருவில் நடந்து பார்த்துச் சொல்ல முடியும் என்பது இதன் பெரும் நன்மை. ஆனாலும் சோதனை நாளில் தெருவில் இருப்பவர்களின் கருத்துதான் இதில் கிடைக்கும். அந்தத் தெருவின் நடைபாதை வியாபாரிகள் 2013இலேயே மாநகராட்சியின் அடுக்குமாடி வளாகத்துக்கு மாற்றப்பட்டிருந்தார்கள். அகற்றப்பட்டவர்களின் கருத்தைத் தெருவில் நின்று கேட்க முடியாது.

தமிழ்நாட்டு ஏற்பாட்டின் இடைவெளி

அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் நகரமைப்பை உள்ளாட்சிக்கு உரிய பணிகளின் பட்டியலில் முதலாவதாக வைத்தது. மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்களைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபை விதிகள் 2022இல் வந்தன. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று நகர்ப்புறங்களில் பகுதி சபைகள் கூடின; தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சர் பங்கேற்றார். ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 2021இல் உருவான மாநகராட்சி அது. கிராம சபைக்கு இணையான ஒன்று நகரத்துக்கும் கிடைத்தது என்ற அளவில் இது முக்கியமான நகர்வு.

ஆனால் பகுதி சபையில் தெருவிளக்கும் குப்பையும் சாக்கடையும் பேசப்படலாம். நிலப் பயன்பாட்டை முடிவு செய்யும் அதிகாரம் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம் இருக்கிறது. குழுமத்தின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக 2022இல் விரிந்தது. பேசும் மன்றம் தெருவளவுக்குச் சுருங்கியும், முடிவெடுக்கும் அமைப்பு சில மாவட்டங்களின் அளவுக்கு விரிந்தும் இருக்கின்றன. ரயில்வே, நெடுஞ்சாலைத் துறை, மெட்ரோ நிறுவனம் ஆகியவை தத்தம் நிலத்துக்குத் தனித்தனியே முடிவெடுக்கின்றன. தாம்பரம் போன்ற ஒரு மையத்தில் இவை அனைத்தும் சில நூறு மீட்டருக்குள் சந்திக்கின்றன. அந்த மையத்தை ஒன்றாகப் பார்த்துப் பேச ஒரு மன்றம் இல்லை.

மதிப்பீடு

இந்த விடைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று மற்றொன்றைத் தோற்கடித்ததாகச் சொல்ல முடியவில்லை. வடிகாலுக்கும் ரயில் பாதைக்கும் வல்லுநரின் முழுப்பார்வை தேவை. இடிப்பதற்கு முன் நடந்து பார்க்க வேண்டும் என்ற கெடிசின் பாடம் பழையதாகிவிடவில்லை. சட்டபூர்வமான அவகாசம் குறைந்தபட்சக் காவல். ஆர்ன்ஸ்டைனின் ஏணி, நடப்பது உண்மையான பங்கேற்பா என்று சோதிக்க உதவுகிறது. எந்த முறை எந்த முடிவுக்கு என்று பிரித்துக்கொள்வதே பயனுள்ளதாகத் தோன்றுகிறது.

ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை மூன்று. வரைவுக்குப் பின் கேட்பதைவிட வரைவுக்கு முன் கேட்பது முடிவை மாற்றும் வாய்ப்பு அதிகம். கூட்டத்துக்கு வருபவர்களை மட்டும் கேட்பது, ஊரைக் கேட்பதற்கு ஈடாகாது; வராதவர்களைத் தேடிச் செல்ல ஆளும் பணமும் ஒதுக்க வேண்டும். சொல்லப்பட்ட ஒவ்வொரு கருத்துக்கும் ஏற்றோம், ஏற்கவில்லை, இன்ன காரணம் என்று எழுத்தில் பதில் வந்தால், கேட்டோம் என்ற கூற்றுக்கும் கேட்கவில்லை என்ற கூற்றுக்கும் இடையே உள்ள தூரம் குறையக்கூடும்.

திறந்தே இருப்பவை இதைவிடக் கடினமானவை. வந்துபோகிறவர்களுக்கு முடிவில் எவ்வளவு எடை தருவது? தினமும் ரயில் மாறுகிற ஒரு லட்சம் பேரின் சிறிய வசதியும், இடம் இழக்கும் நூறு வியாபாரிகளின் பிழைப்பும் மோதினால், எண்ணிக்கை மட்டும் நியாயத்தைத் தீர்க்குமா? இன்னும் அந்த ஊருக்குக் குடிவராதவர்களின் சார்பில் யார் பேசுவது? மேலும், பயன்படுத்துவோருக்கு உரிமை தர வேண்டும் என்ற வாதத்தைப் பெரிய வணிக நிறுவனங்களும் தமக்குச் சாதகமாகப் பேச முடியும். அவற்றின் வாடிக்கையாளர்களும் பயன்படுத்துவோரே.

2027 முதல் 2046 வரையிலான காலத்துக்குச் சென்னைப் பெருநகரின் மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகிவரும் சூழலில் இந்தக் கேள்விகளுக்கு நடைமுறை முக்கியத்துவம் உண்டு. சாலையோர வியாபாரிகள் சட்டம் ஒரு தொழிலுக்குச் செய்ததை, ஒரு மையத்தைப் பயன்படுத்தும் எல்லாத் தரப்புக்கும் விரித்துப் பார்க்கும் சோதனை ஒன்றிரண்டு ஊர்களிலாவது நடக்கலாம். அது வெற்றி பெறும் என்று சொல்வதற்கு இப்போது போதிய ஆதாரம் இல்லை. குடியிருப்பையும் சொத்தையும் மட்டும் அளவுகோலாக வைத்துக் கேட்கும் முறை ஊர் மையங்களுக்குப் போதவில்லை என்பதற்கு ஆதாரம் கணிசமாக இருக்கிறது.